ரப்பர் செடியின் குருத்து

அந்தச் செடியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எழுபத்தெட்டில் தேயிலைத் தோட்டத்து மானேஜர் துரையின் பங்களாக் கூடத்தில், கணப்புக்குப் பக்கத்தில், பீங்கான் தொட்டியில் நின்றது ஒரு ரப்பர் செடி. துரையம்மா அதைக் கீழே தாப்பா டவுனிலிருந்து காரில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். வெள்ளைக்காரி இல்லை, ஈப்போத் தமிழச்சிதான். செடிக்குக் குளிர் ஆகாதாம். கூலிக்காரர் லயத்தில் இருமிக்கொண்டு கிடந்த எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமாக்கும்.

நான் அங்கே சமையல்காரி. செடியைக் கவனிக்க வடிவம்மாளைப் போட்டார்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் மலையில் கொழுந்து எடுத்தவள். முட்டி தேய்ந்து மேடு ஏற முடியாமல் போனதும், துரை இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்தாராம். இரக்கமாவது மண்ணாவது! வேலை இருந்தால்தான் லயத்து வீடு. புருஷன், பிள்ளை இல்லாதவள்; அந்த ஒற்றை அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அந்தச் செடியை அவளுக்குக் கண்டாலே ஆகாது. சனியன் என்றுதான் சொல்லுவாள். ஆனாலும் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள், மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவாள், வெளிச்சம் பார்த்துத் தொட்டியைத் திருப்பி வைப்பாள். செடி தளதளவென்று என் உயரத்துக்கு வந்துவிட்டது. அது கூரையைத் தொட வேண்டும் என்று துரையம்மாவுக்கு ஆசை.

ஒரு காலை வடிவம்மாள் இலையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் பழைய கங்காணியைத் திட்டிக்கொண்டிருந்தாள். உச்சியில் சிவப்பாக நீட்டிக்கொண்டிருந்த குருத்தைக் கை தானாகப் போய்க் கிள்ளிவிட்டது. முதுகில் கூடை இருக்கிற நினைப்பில் தோளுக்குப் பின்னால் வேறு எறிந்தாள். அது அப்போதுதான் உள்ளே வந்த துரையம்மாவின் காலடியில் விழுந்தது.

செடி உயரக் கூடாது என்று பொறாமையில் வேண்டுமென்றே செய்தாள் என்றாள் துரையம்மா. கைப்பழக்கம் என்று நான் சொல்லப் போனதற்கு, அடுப்பைப் பார் என்று விரட்டினாள். வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்தார். வடிவம்மாள் துரையம்மாவின் காலில் விழுந்து அழுதாள். அந்தக் கல்நெஞ்சுக்காரி காலை இழுத்துக்கொண்டாள்.

கடைசி நாள், கம்போங் ராஜாவில் ஏதோ காய்கறித் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்கு அவளை ஏற்றிப் போக லோரி வந்து நின்றது. வடிவம்மாள் அதில் ஏறவில்லை. தேயிலைக்குக் கவாத்து வெட்டுகிற கத்தியோடு நேராகப் பங்களாவுக்குள் வந்தாள். துரையம்மா விருந்தாளிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். வடிவம்மாள் யாரையும் பார்க்கவில்லை. முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டு. செடி சாய்ந்தது, பால் கம்பளமெல்லாம் வழிந்தது.

"அன்னிக்குக் கிள்ளுனது கைப்பழக்கம்தான்லா, துரையம்மா," என்றாள். "வேணும்னே செஞ்சா இப்படித்தான் இருக்கும்."