தெரு முக்கில் என் முகம்

எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஏறி இடத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பி நம் மூஞ்சியை ஒரு தடவை பார்ப்பார். "முக்கு வரைக்கும் வுடறேனுங்க. உள்ளார வரமாட்டேன்" என்பார். மூடிக் கிடக்கும் அரவை மில்லின் சுவரோரம் இறக்கிவிட்டு, நாம் பாக்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வண்டியைத் திருப்பியிருப்பார்.

வீடு பார்க்க வந்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. வேறு தெருவில் ஒற்றை அறை கிடைக்கும் வாடகைக்கு இங்கே இரண்டு அறை, சமையலறை, மாடிக்குப் படி. "இவ்ளோ கம்மியா இருக்குதே, ஏனுங்க?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "நல்லா காத்து வருமுங்க" என்றார். உண்மைதான். காற்று வந்தது. கூடவே ஆட்களும் வந்தார்கள். முதல் மாதம் வாசல் குழாயின் பித்தளைத் தலை போயிற்று. அடுத்து தண்ணீர் மோட்டார். பிறகு கொடியில் காய்ந்த என் லுங்கி. பக்கத்தில் காய்ந்த பனியனை மட்டும் எடுக்கவில்லை. அதில் ஓட்டை இருந்தது. எங்கள் தெருத் திருடர்கள் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகச் சொல்லலாம். ஆனால் பட்டப்பகலில் அதே மில் சுவரோரம் ஒரு டீச்சரம்மாவிடம் கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்தார்கள். அந்த அம்மா அப்புறம் அந்த வழியாக வரவே இல்லை. அன்றிலிருந்து பால் பாக்கெட் வாங்கப் போனாலும் நான் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். ஒருநாள் என் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. நான் நடந்தால் அது நடந்தது, நின்றால் அது நின்றது. வேர்த்து விறுவிறுத்து ஓடி வீட்டுக்குள் விழுந்தேன். "உங்க செருப்பு பிஞ்சி தொங்குதுங்க" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா, மகளோடு இருந்தாள். கணவர் லாரி டிரைவர். மாதத்தில் நான்கு நாள் கண்ணில் பட்டால் அதிகம். எங்களோடு தமிழில் பேசுவார்கள், வீட்டுக்குள் கன்னடம். மகள் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரன் வந்தது, இரண்டும் போயிற்று. முதலில் வந்தவர்கள் தெரு முக்கில் காலை பதினொரு மணிக்குக் குடித்துவிட்டுக் கிடந்த ஆளைத் தாண்ட மனமில்லாமல், வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது வீட்டார் உள்ளே வந்து கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டார்கள், போகிற வழியில் டீக்கடை பாயிடம், "இந்தத் தெரு எப்படிங்க?" என்று விசாரித்தார்கள். பாய் பொய் சொல்லாத மனுஷன். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து போனே வரவில்லை.

"பொண்ணுல கொறை இருந்தா சொல்லிட்டுப் போவட்டும் அக்கா. தெருவச் சொல்லிட்டுப் போறாங்க" என்று அந்த அம்மா என் மனைவியிடம் அழுதாள். "இன்னொரு தடவ தட்டிப் போச்சுன்னா, எனக்குக் கல்யாணமே வேணாம்னு சொல்லிருச்சு." இனி எந்த வரன் வந்தாலும், முடிகிற வரைக்கும் தெருவில் ஒரு பிள்ளையிடமும் மூச்சு விடப்போவதில்லை என்றும் அந்த அம்மா சொல்லியிருக்கிறாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் கன்னடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாலிபத்தில் பெங்களூரில் ஒரு குடோனில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். முதலாளி சாயங்காலம் கிளம்பும்போது தவறாமல், "பீகா ஹாக்கு" என்று கத்துவார். பூட்டைப் போடு என்று அர்த்தம். ஆக நான் கற்ற கன்னடத்தில் முதல் சொல்லே பீகா. பூட்டு. அது என் ரத்தத்தில் ஊறியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை குளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குளியலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருக்கும். அந்த அம்மா யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. சாதாரணமாக அவள் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். குரலை இறக்கியதுமே எனக்குச் சுருக்கென்றது. குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரையோடு சுவரில் காதை வைத்தேன்.

"பீகரு... சனிவார... ஹத்து கண்ட்டெ... மனெ நோட்பேகந்தெ..."

பீகா என்றால் பூட்டு. சனிக்கிழமை பத்து மணி. மனெ என்றால் வீடு. நோடு என்றால் பார். பூட்டு, வீடு, பார்க்க வேண்டும்! அடுத்து வந்ததுதான் என்னை உட்காரவே வைத்துவிட்டது.

"பக்கத்மனெயவ்ரிகெ ஹேள்பேடி."

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான்தான். கடைசியில் வரும் 'பேடி' கன்னடத்தில் 'வேண்டாம்'. தமிழில் அதுவும் நான்தான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் காரிமங்கலத்துக்காரி, எளிதில் மிரள மாட்டாள். "அந்தம்மா நமக்குக் கொழம்பு குடுக்கறவங்க. அவங்க எதுக்குங்க நம்ம பூட்டப் பாக்கணும்?" என்றாள்.

"கொழம்பு குடுக்கற சாக்குல எத்தன தடவ உள்ளார வந்திருக்காங்க, யோசிச்சுப் பாரு."

"கொழம்பு குடுக்கத்தானே வந்தாங்க?"

சந்தேகம் பிடித்தவனிடம் இப்படி நியாயம் பேசினால் அவள் மேலேயும் சந்தேகம் வரும். எனக்கு வந்தது. பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் ஊருக்குப் போகும். வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் ஒரு போர்டு அடித்தேன். சிவப்புப் பின்னணி. 'எச்சரிக்கை! இத்தெருவில் திருடர் நடமாட்டம் உள்ளது. நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்.' எழுத்து பிரமாதமாக வந்தது. ஆனால் மூஞ்சி இல்லாத ஃபிளெக்ஸை எங்கள் ஊரில் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். திருடன் படம் ஒன்று வேண்டும். கம்ப்யூட்டரில் தேடினால் எல்லாம் வெள்ளைக்காரத் திருடர்கள். கடைசியில் நானே மூக்குக்குக் கீழே கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, முறைத்தபடி போட்டோ எடுத்துப் போட்டேன். என் புருவம் இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும். படத்தில் அது மிகவும் கொடூரமாக வந்திருந்தது. எனக்கே பயம் வந்தது.

சாயங்காலம் அதை மில் சுவரில் கட்டினேன். ஃபிளெக்ஸை ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட உருவிக்கொண்டு போவார்கள் என்பதால், எட்டு இடத்தில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன். பெரிய ஏழு லீவர் பூட்டு ஒன்றும் முக்குக் கடையில் வாங்கினேன். தேங்காய் மூடி அளவு இருக்கும்.

சனிக்கிழமை காய்ச்சல் என்று கடைக்குப் போன் செய்துவிட்டு, சப்பாத்திக் கட்டையோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"காய்ச்சல்காரருக்கு எதுக்குங்க கட்டை?" என்றாள் மனைவி.

பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. கட்டையை ஓங்கியபடி திறந்தேன். பக்கத்து வீட்டம்மா. பட்டுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம். நான் ஓங்கிய கையால் முதுகைச் சொறிந்துகொண்டேன்.

"அண்ணா, நாலு சேரு இருந்தா குடுங்க. பீகரு கெளம்பிட்டாங்களாம்."

"பீகாவா?"

"பீகருங்கண்ணா. எங்க பேச்சுல சம்மந்தி வூட்டுக்காரங்கள அப்பிடித்தான் சொல்லுவோம். பாலக்கோட்டுல இருந்து வர்றாங்க. பையனும் பொண்ணும் பாத்துப் புடிச்சிப்போச்சு, வூட்டப் பாத்துட்டு தட்டு மாத்திக்கலாம்னாங்க. தப்பா நெனைக்காதீங்க, உங்ககிட்டகூடச் சொல்லல. முன்ன ரெண்டு தடவ ஆனதுல எனக்கு பயமாப் போச்சு." புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "இது மட்டும் முடிஞ்சுட்டா போதும்."

இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த பீகா ஒன்றே ஒன்று. பூட்டும் சம்மந்தியும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று என் குடோன் முதலாளி சொல்லவே இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் சப்பாத்திக் கட்டையைப் பார்த்தேன். "சேரு நான் எடுத்தாறேன். நீங்க ஓடுங்க" என்று அவள் என்னை வெளியே தள்ளினாள்.

ஓடினேன். புதுப் பூட்டு கொக்கியில் திறந்தபடி தொங்கியது. சாவி சட்டைப் பையில். மில் சுவரில் ஏறிவிட்டேன், கம்பிதான் அவிழவில்லை. திருடன் அவிழ்க்கக் கூடாது என்று நானே முறுக்கிய முறுக்கு. மூன்று கம்பியைப் பல்லால் கடித்துப் பிரித்திருப்பேன், கீழே ஒரு கார் வந்து நின்றது. கணுக்காலை ஒரு கை பிடித்தது.

"எறங்குடா!"

வெள்ளை வேட்டி, பெரிய மீசை, காருக்குள் பழத்தட்டு. பையனின் அப்பா. தக்காளி மண்டிக்காரர் என்று பிறகு தெரிந்தது. பிடி அப்போதே தெரிந்தது. இறங்கினேன். அவர் பாதி தொங்கிய போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். "எச்சரிக்கை... திருடர் நடமாட்டம்..." படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அடேய், அதே புருவம்! போட்டோவுல இருக்கறவன் இவன்தான்டா!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாள். போர்டைப் படித்தாள். என்னை அவள் திட்டவில்லை. இரண்டு வண்டி திரும்பிப் போனதைப் பார்த்த அதே கண்ணால் மூன்றாவது வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு நாக்கு வந்தது.

"ஐயா, போட்டோவுல இருக்கறது நான்தானுங்க. பக்கத்து வூட்டுக்காரன், ஃபிளெக்ஸ் கடையில வேல. நீங்களே சொல்லுங்க, இந்தத் தெருவுல நெசமா ஒரு திருடன் இருந்தா, அவன் போட்டோவப் போடாம எம் போட்டோவையா போட்டிருப்பேன்? தேடித் தேடிப் பாத்தனுங்க, ஒருத்தனும் கெடைக்கல."

அவர் சிரிக்கவில்லை. என் புருவத்தையே பார்த்தார். "அப்ப இந்த போர்டு எதுக்கு?"

"எல்லாம் பயந்தான். நான் நெழலப் பாத்தே பயந்துக்கறவனுங்க. வேணும்னா எம் பொண்டாட்டியக் கேளுங்க."

சேரோடு வந்து நின்ற மனைவி, "நெழலு மட்டுமில்லீங்க, சொந்தச் செருப்பப் பாத்தும் பயப்படுவாரு" என்றாள். வண்டிக்குள்ளிருந்த பையனின் அம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் மீசையும் லேசாக அசைந்தது.

"வண்டிய தெருவுக்குள்ளார வுடலாமா?" என்றார்.

"தாராளமா. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"திருடன்தான் இல்லேன்னீங்களே, அப்பறம் எதுக்கு நிக்கணும்?"

"வெயிலுங்க. வண்டிக்கு நெழலாட்டம் நிக்கறேன்."

அவர்கள் உள்ளே போனார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே காரை நிறுத்தியிருந்தார்கள். நான் காவலுக்கு நின்றேன். உப்பு விற்கிறவர் சைக்கிளில் போனார். காரின் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா போனாள். ஆடே டயரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் குடம் விற்கிற வண்டி இரண்டு தடவை போனது. ஒரு தெருவில் எத்தனை குடம்தான் விற்கும்? காரைச் சுற்றி வந்து நாலு சக்கரத்தையும் ஒரு தடவை எண்ணினேன். நாலும் இருந்தது. நிமிர்ந்து என் வீட்டுக் கதவைப் பார்த்தேன்.

கொக்கி இருந்தது. பூட்டு இல்லை.

தேங்காய் மூடி அளவுப் பூட்டு. ஒரு ராத்திரிகூட அது பூட்டிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். 'தி' என்ற எழுத்து தொண்டை வரை வந்துவிட்டது. பூனை குறுக்கே போனாலே திருடன் திருடன் என்று தெருவைக் கூட்டுகிறவன் நான். அந்த நேரம் பார்த்துப் பையனின் அப்பா போன் பேச வெளியே வந்தார்.

"என்னாங்க?"

திறந்த வாயைப் பாதியில் மூட முடியவில்லை. "ஒண்ணுமில்லீங்க, கொட்டாவி."

"பத்தரை மணிக்கா?"

"காய்ச்சலுங்க."

அவர் என் கதவைப் பார்த்தார். நான் நகர்ந்து கதவை மறைத்துக்கொண்டேன். வீடு திறந்து கிடக்கிறது. உள்ளே யார் இருக்கிறார்களோ? கேஸ் சிலிண்டர் இருக்கிறதோ, மிக்ஸி இருக்கிறதோ? ஓடிப் போய்ப் பார்க்கக் கால் துடித்தது. போனால் இவரும் பின்னாலேயே வருவார். வந்தால் கேட்பார். கேட்டால் என் மூஞ்சியே சொல்லிவிடும். அவர் சாவகாசமாகத் தக்காளி விலை பேசி முடிக்கும் வரை அங்கேயே, அசையாமல், சிரித்த முகமாக நின்றேன். என் வாழ்நாளில் அதுபோல் தைரியமாக நான் நின்றதில்லை. வேர்வை மட்டும் முழங்காலில் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் மனைவி வெளியே வந்தாள். "தட்டு மாத்தியாச்சு" என்றாள்.

நான் அவள் காதருகே போய், "நம்ம பூட்டு போயிருச்சு" என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். "வாய மூடுங்க. பீகரு இன்னும் கை கழுவல" என்றாள்.

அவர்கள் கை கழுவி, வெற்றிலை போட்டு, காரில் ஏறி, முக்கைத் தாண்டிய பிறகுதான் வீட்டுக்குள் ஓடினேன். சிலிண்டர் இருந்தது. மிக்ஸி இருந்தது. பூட்டை மட்டும்தான் எடுத்திருந்தார்கள். சாவி என் பையில் இருக்கும்போது பூட்டை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று யோசித்தேன். எடைக்குப் போடுவான் என்றாள் மனைவி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்கப்புறம் தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஆள் இல்லாத நேரத்தில் மூன்று பூட்டில் சாவியைப் போட்டும் பார்த்தேன். மூன்றாவது பூட்டின் சொந்தக்காரர் பார்த்துவிட்டார். இப்போது தெருவில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

கல்யாண ஃபிளெக்ஸ் நான்தான் அடித்துக் கொடுத்தேன். என் படம் எந்த மூலையிலும் வரக் கூடாது என்று பெண் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அவர்கள் பாலக்கோட்டுக்கு வேன் ஏறினார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க கல்யாணத்துக்குக் கெளம்பற வரைக்கும் எங்க வூட்டப் பாத்துக்குங்க" என்றாள். பெண் எங்கள் இருவர் காலிலும் விழுந்து கும்பிட்டாள். வேன் போனதும் அவர்கள் கதவைப் பார்த்தேன். ஏழு லீவர். தேங்காய் மூடி அளவு. முக்குக் கடையில் அந்த ஒரு ரகம்தான் விற்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

சாவியை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். தெருவில் யாரும் இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாவுது, பொடவைய மாத்து" என்று சொல்லிவிட்டு அதை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன்.