அப்பாவின் செருப்பில் மாட்டிய கருவி

எங்கள் குடும்பத்தில் கவலைப்படுகிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. மூத்த மகளான நானாகவே எடுத்துக்கொண்டேன். அம்மா இறந்த பிறகு அப்பா தீவில் சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். நான் கடல் தாண்டி, பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறேன். போன் அடித்து அவர் சட்டென்று எடுக்காவிட்டால் விடாமல் மறுபடி மறுபடி அடிப்பேன். எடுத்துவிட்டால், ஏன் இவ்வளவு நேரம் என்று அவரிடமே எரிந்து விழுவேன்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அவருக்கு வெகுகாலமாகச் சக்கரை வியாதி, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலையும் மாலையும் வெளியே நடந்தா அவர் தனியா இருக்கலாம். நடை குறைஞ்சா உங்களோட வச்சுக்குங்க" என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும் அதுதான் ஒப்பந்தம். நடந்தால் அவர் வீடு, நடக்காவிட்டால் என் வீடு. துறைமுகத்தில் உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டியவர் அவர். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

"அங்க வந்து நான் என்ன செய்யிறது? சுவத்தோட பேசறதா?" என்பார்.

கோலாலம்பூரில் இருக்கும் தம்பி, நடையை அளக்கும் ஒரு கருவியை வாங்கி அனுப்பினான். தீப்பெட்டியை விடச் சின்னது. உள்ளே சிம் இருக்கிறது. அப்பா எங்கே நடந்தாலும் என் போனில் ஒரு பச்சைக் கோடு உயரும். வாங்கி அனுப்புவதோடு அவன் வேலை முடிந்தது, பார்த்துப் பார்த்துச் சாவது நான். கணுக்காலில் கட்ட வேண்டிய அதை அப்பா கையில்கூட வாங்கவில்லை.

"கால்ல கட்டிக்கிட்டுப் போனா ஜெயில்லருந்து விட்டவன்னு நெனப்பாங்க. வேணாம்லா."

கெஞ்சிக் கூத்தாடியதில் செருப்பு வாரில் மாட்டச் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை: அவர் எங்கே போகிறார் என்று நான் பார்க்கக் கூடாது. அவர் கண் முன்னாலேயே இடம் காட்டும் வசதியை அணைத்தேன்.

பிறகு என் பிழைப்பே அந்தக் கோட்டோடுதான். காலையில் கோடு எழாவிட்டால் வேலை ஓடாது. தொழிற்சாலையில் மீட்டிங் நடக்கும்போது மேசைக்கு அடியில் போனைப் பார்ப்பேன். கோடு பாதியில் நின்றால் சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடக்கிறாரோ என்று நினைப்பேன். அவர் தெருவோர ஒட்டுக்கடையில் சீனி போடாத தேத்தண்ணியோடு கதை பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு பிரதோஷத்துக்கு மறுநாள் கோடு திடீரென்று வளர்ந்தது. காலையில் நடை, மத்தியானம் நடை, மாலையில் இன்னும் நல்ல நடை. தொடர்ந்து அப்படியே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை செய்கிற அக்காவிடம் போனைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். அப்பாவைக் கூப்பிட்டுக் கேலி செய்தேன்.

"என்னப்பா, தீவையே சுத்தி வர்றீங்களா? அடுத்த மாரத்தான்ல பேர் குடுத்துடவா?"

"சும்மா அப்படியே நடக்கறேன்லா" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அந்த வாரம் என் வீட்டுக்கு வரச் சொல்லும் பேச்சையே நான் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் வீட்டுப் போனுக்கு அடித்தேன்.

"மழைம்மா. வெளிய போகல. நாற்காலிலதான் உக்காந்துருக்கேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கோடு உயர்ந்துகொண்டிருந்தது. போனை வைத்த பிறகும் உயர்ந்தது. சாப்பாட்டை மூடி வைத்தேன். கடைசியில், அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி இடம் காட்டும் வசதியைத் திறந்தேன். அப்பா கடலுக்கு நடுவில் இருந்தார். நீலத்தில் ஒரு புள்ளி, அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தை நோக்கி மெதுவாக நகர்ந்தது.

மறுபடி வீட்டுப் போனுக்கு அடித்தேன். "இப்பத்தானேம்மா பேசுன" என்று அப்பா சலித்துக்கொண்டார். அவர் வீட்டில் இருக்கிறார், அவர் செருப்பு பெர்ரிக் கப்பலில் போகிறது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். தீவுக்குப் போகும் பாலத்தில் மழையில் முன்னால் போகிற லாரியே தெரியவில்லை. யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள், அப்பாவை மிரட்டிப் பேச வைக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். என் புத்தி எப்போதும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது பாதத்தில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

"செருப்பு எங்கப்பா?"

"கோயில்ல போச்சு."

பிரதோஷத்தன்று கோயில் வாசலில் விட்ட செருப்பு, சாமி கும்பிட்டுவிட்டு வந்தபோது இல்லை. கோயிலில் செருப்பு தொலைந்தால் பிடித்திருந்த பீடை அதோடு போய்விட்டது என்பார்கள் எங்கள் ஆட்கள். தேடக் கூடாது. அப்பாவும் தேடவில்லை. அம்மா போனதிலிருந்து பிடித்த பீடை ஒழியட்டும் என்று வெறுங்காலோடு நிம்மதியாக வீட்டுக்கு நடந்திருக்கிறார். கருவி ஞாபகம் வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். வழியில் கண்ணாடித் துண்டு ஏறியது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. மறுநாள் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதன் பிறகு அவர் வாசல் தாண்டவே இல்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவர் தினமும் பெர்ரி ஏறி வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

துணியை அவிழ்த்தேன். பெருவிரலுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. வாடை வந்தது. அவரைத் தாங்கிப் பிடித்துக் காருக்குக் கொண்டுபோனேன்.

கிளினிக்கில் சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். "தினமும் கட்டு மாத்தணும். வெள்ளிக்கிழமை பாத்துட்டுத்தான் விரலைப் பத்திச் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். அப்பா தலையாட்டினார். யாருடைய விரலைப் பற்றியோ பேசுவது போல இருந்தது அவர் முகம்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏம்ப்பா சொல்லல? கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்னு பயமா?"

"அதுவுந்தான்" என்றார். "அம்மா போனதுக்கப்புறம் நீ போன்ல சிரிச்சதே இந்த வாரந்தாம்மா. எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

யாரோ ஒருவருடைய நடைக்கு நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக அப்பா புண்ணோடு உட்கார்ந்திருக்கிறார். அழுதால் கார் ஓட்ட முடியாது என்பதால் அழவில்லை.

அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் பாலத்தை நோக்கிப் போனேன். சண்டைக்கு வருவார் என்று தெரியும். சுவரைப் பற்றிச் சொல்வார், காரை நிறுத்தச் சொல்வார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் வாயே திறக்கவில்லை. மாற்றுக் கைலி எடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. பாலம் ஏறியதும் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.