தரையில் விழாத சொட்டு

பட்டறைப் பலகையில் இருப்பது என் அண்ணன் பெயர். அவன் லாரி ஓட்டப் போய் ஆறு வருடம் ஆகிறது. வண்டிகளைப் பழுது பார்ப்பது அண்ணிதான். டிரைவர்கள் அவளை மூக்கக்கா என்பார்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் எங்கே கசிந்தாலும் அண்ணி மூக்காலேயே பிடித்துவிடுவாள். இன்ஜினைச் சூடேறவிட்டு, பானெட்டைத் தூக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவாள். சர்க்கரைப் பாகு தீய்ந்ததுபோல ஒரு தித்திப்பு வாடை வரும். "ரேடியேட்டர் கீழ்க்குழாய்" என்பாள். அங்கேதான் இருக்கும். கசிவு பார்க்கிற பிரஷர் பம்பு ஒன்றை அண்ணன் எப்போதோ வாங்கி வைத்தான். உறைகூடப் பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தது. "அது மூக்கில்லாதவங்களுக்கு" என்று அண்ணி சிரிப்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கழற்றிய சாமான்களைக் கழுவித் துடைத்து வைப்பது என் வேலை. கேட்டால் பதில் சொல்வேன், கேட்காவிட்டால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அண்ணி ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாள். எழுந்து வந்த மறுநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. அவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிவந்து அணைத்தேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த டாக்ஸிக்காரர் வந்தார். டர்போ வண்டி.

"வாரத்துக்கு ரெண்டு விரக்கடை கூலன்ட் கொறையுதுக்கா. தரையில ஒரு சொட்டு இல்ல. வேற ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஹெட் கேஸ்கெட் போயி இன்ஜினுக்குள்ளயே கசியுது, இன்ஜினைப் பிரிச்சாகணும்கிறான். பிரிச்சா வண்டி பதினஞ்சு நாள் நிக்கும். நானும் வீட்டுல நிக்கணும். வீட்டுக்காரி என்னையும் பிரிச்சிடுவா. நீங்க மோந்து சொல்லுங்க. நீங்க பிரின்னா பிரிச்சிடறேன்."

அண்ணி முதலில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தாள். ஆயிலில் கூலன்ட் கலந்த நுரையோ வெளுப்போ இல்லை. பிறகு வழக்கம்போலக் குனிந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தாள். பக்கத்தில் துணியோடு நின்ற எனக்கு அந்தத் தித்திப்பு வாடை அடித்தது. லேசாகத்தான். பின்பக்கம், டர்போ இருக்கும் இடத்திலிருந்து.

அண்ணி நிமிர்ந்தாள். "வெளிய எங்கயும் கசிவு இல்ல. அப்போ உள்ளதான்."

"பிரிச்சிடலாமாக்கா?" டாக்ஸிக்காரர் குரல் இறங்கிவிட்டது.

ஆள் முன்னால் அண்ணியை மறுத்துப் பேச எனக்கு வராது. "அண்ணி, வண்டி ஆறட்டுமே. காலையில இன்னொரு தடவை பாத்துட்டு..." என்று துணியைப் பிழிந்துகொண்டே சொன்னேன். துணி காய்ந்துதான் இருந்தது.

அண்ணி என்னையே பார்த்தாள். பால் தீய்ந்த அன்று பார்த்த அதே பார்வை. "வண்டிய விட்டுட்டுப் போங்க. காலையில சொல்றேன்" என்றாள்.

மறுநாள் நான் பட்டறையைக் கூட்டி முடிப்பதற்குள் அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பம்பை இறக்கியிருந்தாள். இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. கூலன்ட் டேங்க் மூடியைக் கழற்றி, அந்த வாயில் பம்பை மாட்டி, மூடியில் போட்டிருந்த அளவுவரை காற்றடித்தாள். பம்பு மீட்டரின் முள் ஏறி நின்றது. பிறகு, நிற்கிறதோ இறங்குகிறதோ என்று சந்தேகம் வரும்படி மெல்ல இறங்கியது.

"எந்தப் பக்கம் அடிச்சுது?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"டர்போ பக்கம்."

டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டாள். டர்போவுக்குப் போகும் குழாயின் கிளிப்புக்குக் கீழே உப்புப் பூத்ததுபோல வெள்ளைக் கறை. அதன் நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டது. வண்டி ஓடும்போது அந்தச் சொட்டு டர்போவின் சூட்டில் பட்டு அங்கேயே ஆவியாகிவிடும். தரைக்கு எங்கே வரப்போகிறது?

டாக்ஸிக்காரர் வந்ததும் அவரையும் கண்ணாடியில் பார்க்க வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"நேத்து நான் சொன்னது தப்பு. காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வாடையே தெரியறதில்ல. தெரியற மாதிரி குனிஞ்சு நின்னேன். இவதான் தடுத்தா."

அவர் தன் காலைப் பார்த்தார். "என் சாக்ஸ் நாத்தத்துக்கு வண்டியில ஏறினவங்க ஜன்னலத் தொறந்துடுவாங்க. நேத்து நீங்க பக்கத்துல அசையாம நின்னப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்!"

காய்ச்சலுக்குப் பிறகு அண்ணி அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

பழைய குழாய் குச்சிபோல விறைத்திருந்தது. புதுக் குழாயும் கிளிப்புகளும் போட்டு மறுபடி காற்றடித்தோம். கால் மணி நேரம் முள் அசையவில்லை. கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு உள்ளே நின்ற காற்றை வெளியேற்றி, மறுபடி ஆறியதும் டேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். கூலன்ட் கோட்டிலேயே நின்றது.

"மூக்கக்கா, இனிமே யாருகிட்ட கேக்கணும்?"

"மொதல்ல பம்பு. அப்புறம் இவ."

"அப்ப நீங்க?"

"நான் ஸ்பேனர் புடிப்பேன். அதுக்கு மூக்கு வேணாம்" என்றாள் அண்ணி.

மூக்கக்கா என்று கூப்பிடுவதை அவர் நிறுத்தவில்லை. அண்ணியும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.