வாஷ்பேசினில் போன மருந்து

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். உத்தமபாளையத்தை ஒட்டிய அனுமந்தன்பட்டியில் எங்கள் வீடு. மகன் ஏலக்காய் வியாபாரத்துக்காகக் காலையிலேயே போடிக்குக் கிளம்பிவிடுவான். மருமகள் சின்னமனூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். மனைவி காலமான பிறகு, இன்னும் பள்ளிக்கூடம் போகாத பேத்தியைப் பகலில் பார்த்துக்கொண்டது நான்தான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. படிப்பில்லாத மனிதர், பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்குச் சலுகை தந்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அப்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கையிலும் காலிலும் வாயைச் சுற்றியும் கொப்புளங்கள். டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். தெருவில் அம்மை என்றார்கள். நாங்கள் மருந்தும் கொடுத்தோம், வாசலில் வேப்பிலையும் செருகினோம். காய்ச்சல் இறங்கியதும் வழக்கப்படி வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

முடியவில்லை. முழங்கை மடிப்பில் முன்பே லேசாக இருந்த கரப்பான், காய்ச்சலுக்குப் பிறகு உடம்பெங்கும் பரவியது. தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிந்தது. தூக்கத்திலும் சொறிந்துகொண்டே இருப்பாள். விடிந்து பார்த்தால் போர்வையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். மருமகள் அவளைத் தேனியில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டி வந்தாள். எக்ஸிமா, காய்ச்சல் அதைக் கிளப்பிவிட்டிருக்கிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்ட வேண்டும். ஈரம் உலரும் முன் உடம்பெல்லாம் ஈரப்பசைக்கான கிரீம் தடவ வேண்டும். சிவந்த இடங்களில் மட்டும் ஒரு சின்ன ட்யூப் மருந்து. மஞ்சள், வேப்பிலை எதுவும் மேலே படக் கூடாது.

"காலைல நான் பஸ்ஸுக்கு ஓடணும் மாமா. குளிப்பாட்டி மருந்து போடுறது உங்க பொறுப்பு" என்று மருமகள் ட்யூபை என்னிடம் கொடுத்தாள்.

அவள் போனதும் ட்யூப் இருந்த அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஸ்டீராய்டு என்று இருந்தது. என் மனைவி மூச்சிரைப்புக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவள். முகம் உப்பி, எலும்பு பொடிந்து, குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே இடுப்பு முறிந்து படுத்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மருமகளிடம் சொல்லியிருக்கலாம். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்பது எனக்குக் குறைச்சலாகப் பட்டது.

மறுநாள் காலை, போட வேண்டிய அளவு மருந்தைப் பிதுக்கி வாஷ்பேசினில் விட்டுக் குழாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துக் குழந்தையின் மேலெல்லாம் பூசினேன். வெடித்த தோலில் அது பட்டதும் துடித்துவிட்டாள்.

"எரியுது தாத்தா."

"எரிஞ்சாத்தான் ஆறும் ஆத்தா. பொறுத்துக்க."

தினமும் இதுவே நடந்தது. ஒரு நாள் அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மருந்தை ஏன் தாத்தா தண்ணிக்குப் போடுறீக?"

"அது கெட்ட மருந்து. அம்மாகிட்ட சொல்லிராத, என்ன?" என்று கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் மருமகள் வந்ததும் "போட்டாச்சா மாமா?" என்பாள். போட்டாச்சு என்பேன். "மஞ்ச வாடை அடிக்குதே" என்று ஒருமுறை கேட்டாள். "அம்மை இறங்குன உடம்பு. ரெண்டு வேப்பிலையைத் தண்ணியில போட்டா என்ன கொறைஞ்சிரும்?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மாமனாரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவள் பேசாமல் போய்விட்டாள். குழந்தையின் மேல் இருந்த மஞ்சளில் சிவப்பு சரியாகத் தெரியவில்லை. அதுவும் எனக்கு வசதியாக இருந்தது.

கொஞ்ச நாளில் மணிக்கட்டில் சீழ் வைத்தது. மறுபடியும் காய்ச்சல் வந்தது. கரண்டியைப் பிடிக்கக்கூட விரலை மடக்க முடியாமல் அழுதாள். மஞ்சள் தெரியாதபடி ஈரத்துணியால் அவள் உடம்பை நான் துடைத்துவிட்டேன். மகன், மருமகள், நான் எல்லோருமாகத் தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகள் தட்டையாகிப்போன ட்யூபைக் காட்டினாள். "ஒரு நாள் கூட விடலை மேடம்."

"இவ்வளவு போட்டும் கேக்கலையா?" டாக்டரின் முகம் மாறியது. முதலில் சீழுக்கு மருந்து கொடுத்துவிட்டு, அடுத்ததாக உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கும் மாத்திரைதான் யோசிக்க வேண்டும் என்றார். அதற்கு முன் ரத்தப் பரிசோதனைகள் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் மதுரைக்கு அனுப்புவதாகவும் சொன்னார். சின்னப் பிள்ளைக்கு அது கடுமையான மருந்துதான், ஆனால் வேறு வழி தெரியவில்லை என்றார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் குழந்தையின் பக்கம் குனிந்து சிரித்தார். "ஏத்தா, உண்மையைச் சொல்லு. மருந்து போடயில ஓடிப்போயி ஒளிஞ்சுக்கிட்டியா?"

குழந்தை என்னைப் பார்த்தாள். சீழ் வைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "இல்ல. தாத்தா தினமும் போட்டு விட்டாக" என்றாள்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, நடந்ததையெல்லாம் சொன்னேன். வாஷ்பேசினை, வேப்பிலையை, என் மனைவியை, கடலை மிட்டாயை. பாடம் ஒப்பிக்கும் மாணவனைப் போலச் சொல்லி முடித்தேன்.

டாக்டர் திட்டவில்லை. எழுதத் தொடங்கியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். "உங்க வீட்டம்மா வருசக்கணக்கா சாப்பிட்டது மாத்திரை. இது மேலுக்குப் போடுறது, நான் சொல்ற அளவுக்கு, கொஞ்ச நாளைக்கு. பயமா இருந்தா என்கிட்ட கேட்டிருக்கலாமே ஐயா" என்றார்.

வெளியே வந்ததும் மகன், "வாஷ்பேசினுக்கு இனி ஆயுசுக்கும் கரப்பான் வராது" என்றான். அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. மருமகள் வீடு வரும்வரை குழந்தையை என் பக்கம் விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இனி குழந்தையை என்னிடம் விடமாட்டாள், அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சில நாள் விடுப்பு எடுத்துத் தானே எல்லாம் செய்தாள். வேலைக்குத் திரும்பும் நாளன்று புது ட்யூபை என் முன்னால் வைத்தாள்.

"உங்களை நம்பித்தான் மாமா போறேன். பயமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க. நான் திட்ட மாட்டேன்."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தோல் மெதுவாக ஆறியது. கரப்பான் முழுவதும் போகவில்லை. பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கும், மருந்து போட்டால் அடங்கும். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து கையை நீட்டுவாள், நான் தடவிவிடுவேன். அம்மா உள்ளேயிருந்து "போட்டாச்சா?" என்று கேட்டால், நான் வாயெடுக்கும் முன்பே "தாத்தா போட்டு விட்டாக" என்று அவள் குரல் கொடுப்பாள். அது உண்மைதான்; ஆனாலும் அதைக் கேட்கிற ஒவ்வொரு முறையும், அந்தச் சின்னப் பிள்ளை வலியோடு எனக்காகச் சொன்ன பொய்தான் என் காதில் முதலில் விழுகிறது.