எசென்கூல் மச்சானும் பிரியாத கிளட்சும்

என் அக்காள் புருஷன் எசென்கூலுக்குப் பயம்தான் முழுநேர வேலை. மெக்கானிக் தொழில் அதற்கப்புறம்தான். கூட்டுப்பண்ணை கராஜில் வண்டிகளுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்து நரைத்தவர். ஒரு நட்டை முடுக்கிவிட்டு நாலடி போவார், திரும்பி வந்து அதையே மறுபடி முடுக்கிப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்புவார். ஊரே அவரைக் கேலி பேசும். வண்டி மக்கர் செய்தால் மட்டும் அந்த ஊரே அவர் வாசலில் வந்து நிற்கும்.

பண்ணை கலைந்து, பெட்ரோல் கண்ணில் படாமல் போன காலம் அது. மச்சானுடைய பழைய 'ஜில்' ரக லாரியோ பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். அந்த இலையுதிர்காலத்தில் அதன் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு டிராக்டரின் டீசல் என்ஜினை அதில் ஏற்ற முனைந்தார். டீசல் என்ஜினும் லாரியின் கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவில் வைக்கக் கனத்த இரும்புத் தகடு ஒன்றைத் தானே வெட்டித் துளை போட்டார்.

இதெல்லாம் அவசரமாக நடந்தது. என் அக்கா கென்ஜே, மலைக் கணவாய்க்கு அப்பால் ஜைலோவில், கோடை மேய்ச்சல் நிலத்தில், மந்தையோடு தனியாக இருந்தாள். மற்ற குடும்பங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. "நான் லாரி கொண்டு வர்ற வரைக்கும் அங்கயே இரு, தனியா கெளம்பிடாத" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார் மச்சான். கூடாரத்தை லாரியில் ஏற்றுவது, ஆடுகளை நான் ஓட்டி வருவது என்று ஏற்பாடு. பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் வசந்தம் வரை திறக்காது. அக்காவிடம் இருந்த மாவும் வரட்டியும் அதுவரை வராது.

கடைசி போல்ட்டையும் முடுக்கி, என்ஜினைக் கிளப்பியபோது அது நல்லபடியாகவே உறுமியது. மச்சான் சிரித்ததைக்கூடப் பார்த்தேன். பிறகு கிளட்ச்சை அமுக்கி கியரைத் தள்ளினார். கியர் பாக்ஸ் அலறிய அலறலில் கோழிகள் வேலி தாண்டின.

என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, கிளட்ச்சை அமுக்கிக்கொண்டு என்னைத் தள்ளச் சொன்னார். லாரி இம்மியும் அசையவில்லை. பெடலை அமுக்கியும் என்ஜினும் சக்கரமும் தனித்தனியாகவில்லை; கிளட்ச் பிரியவில்லை.

"கம்பிதான் நீளமா இருக்கும்" என்று அடியில் புகுந்து பெடல் கம்பியைத் திருகினார். பெடல் சரியானது, கிளட்ச் சரியாகவில்லை. கிளட்ச்சுக்கு உள்ளே தள்ளுகிற இரும்பு விரல்களின் உயரத்தைப் பார்த்தார். அதுவும் ஒழுங்கு. ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் முதலில் கணவாயைத்தான் பார்த்தார். அதன் மேல் மேகம் தடித்துக்கொண்டே வந்தது.

"பிளேட்டைத் திருப்பிப் போட்டுட்டீங்களோ, மச்சான்?" என்றேன்.

"நீ வேணா சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வருவ மாப்ளே. நான் பிளேட்டத் திருப்பிப் போடுற ஆளா?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துக் கம்மிய குரலில் கேட்டார்: "போட்டிருப்பேனோ?"

கிளட்ச் கூட்டின் அடிமூடியைக் கழற்றினார். நான் பெடலில் கால் வைத்து உட்கார்ந்தேன்.

"அமுக்கு. விடு. அமுக்கு. அப்படியே இரு."

அடியில் திருப்புளி எதையோ சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"பிளேட் சரியாத்தான் இருக்கு மாப்ளே. பிரஷர் பிளேட்டும் விலகுது. ஆனா இந்தப் பிளேட் ஃப்ளைவீல விட்டு வரமாட்டேங்குது. ஒட்டிக்கிச்சு."

"அதுல என்ன இருக்கு ஒட்டுறதுக்கு?"

அவர் வெளியே வந்து, திருப்புளியின் நுனியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மஞ்சளாய்ப் பொருக்கு. சட்டியில் அடிப்பிடித்த பால் வாசனை.

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. புது வண்டி வந்தாலும் புது மருமகள் வந்தாலும் பால் தெளித்து வாழ்த்துவது எங்கள் வழக்கம். வண்டியென்றால் சக்கரத்தில் ஊற்றுவார்கள். இந்த என்ஜினோ கியர் பாக்ஸ் சேருவதற்கு முன்னால், கிளட்ச் மட்டும் மாட்டியபடி சங்கிலியில் தொங்கியது. மச்சானின் அம்மா பாத்மா கிண்ணத்தோடு வந்து, "இதுல சக்கரம் எங்கடா?" என்று கேட்டார். "சக்கரத்துக்கு இது வழியாத்தான் பலம் போகும்மா" என்று கிளட்ச்சைக் காட்டியவர் மச்சானேதான். மருமகள் நல்லபடியாக வந்து சேரவேண்டும் என்று அத்தை கிண்ணத்தையே கவிழ்த்தார். நாங்களும் முகத்தைத் தடவி, 'ஓமின்' என்று சொல்லி வேண்டுதலை முடித்தோம். பிறகு குளிருக்காகக் கொட்டகையில் அடுப்பு எரித்தோம். பால் பசையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தை எட்டிப் பார்த்தார். "என்னடா ஆச்சு? கெளம்பலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் என் முழங்காலில் ஒரு உதை விட்டார். "ஒண்ணுமில்லம்மா. ஒரு ஸ்பிரிங் முரண்டு பண்ணுது."

இவ்வளவு பயந்த மனுஷன் அவ்வளவு பதறலிலும் பெற்றவள் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. முழங்கால் வலித்தது வேறு விஷயம்.

கியர் பாக்ஸை மறுபடி இறக்கினால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். "வண்டியை ஓடவிட்டு, கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து ஓங்கி மிதிச்சா பிச்சுக்கிட்டு வந்துடாதா?" என்று கேட்டேன்.

"வரும். தகடும் பிளந்துடும். அது நான் வெட்டுன தகடு மாப்ளே, எனக்குத் தெரியாதா? தகடு போச்சுன்னா வண்டி போச்சு. அவ மேலயே கெடக்கணும்." அவர் அடிமூடியை எடுத்து மறுபடி மாட்ட ஆரம்பித்தார். "இப்படியே போயிடலாம். கியர்ல போட்டே கிளப்புறேன். மாத்துறத என்ஜின் சத்தத்தக் கேட்டு மாத்திக்கிறேன். ஆனா வழியில நிக்கவே கூடாது. பேட்டரிக்குச் சீவன் இல்ல. ஏத்தத்துல நின்னா நின்னதுதான்."

புறப்படும்போது அத்தை மறுபடி பால் கிண்ணத்தோடு வந்தார். "சக்கரத்துல!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் மிரண்டுபோய்ச் சக்கரத்தில் ஊற்றினார்.

பக்கத்து வீட்டார் தள்ள, லாரி துள்ளிக் கிளம்பியது. வழியெல்லாம் மச்சான் புலம்பிக்கொண்டே வந்தார். வரட்டி தீர்ந்திருக்கும், குதிரை நொண்டியிருக்கும், ஓநாய் வந்திருக்கும். கணவாய் ஏற்றத்தில் பனி விழ ஆரம்பித்ததும் கண்ணாடியோடு மூக்கு ஒட்டச் சாய்ந்துகொண்டு ஓட்டினார். அக்கா இல்லாத வீட்டை நானும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. திரும்பினால், பாதை முழுக்க ஆடுகள். மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், பனி அப்பிய குதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தது ஓர் உருவம்.

மச்சான் யோசிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக யோசிக்கவில்லை. கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து, இருக்கையை விட்டு எழுந்தபடி மிதித்தார். அடியில் வெடி வைத்தது மாதிரி ஒரு சத்தம். லாரி முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கியது. என் நெற்றி கண்ணாடியில் மோதியது.

பிறகு பார்த்தால், லாரி நிற்கிறது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளட்ச் பிரிந்துவிட்டது. தகடு தாங்கிவிட்டது. முன்னால் நின்ற கிடா பம்பரை முகர்ந்து பார்த்தது.

அக்கா குதிரையை ஓட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது, இமையெல்லாம் பனி.

"ஏன்யா, ஆட்டு மேலயே ஏத்தப் பாத்தியா? மேகத்தப் பாத்தேன், கூடாரத்த அங்கயே விட்டுட்டு ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். உன்ன நம்பி உக்காந்திருந்தா வசந்தத்துலதான் வந்திருப்ப. எறங்கு கீழ."

மச்சான் இறங்கவில்லை. இரண்டு கால்களும் பெடல்களிலேயே விறைத்திருந்தன, எடுக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. அக்கா கதவைத் திறந்து, ஏறி, கையுறையோடு கியரைப் பிடுங்கி நியூட்ரலில் போட்டாள். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டியா?"

"ஆமா" என்றார் மச்சான். "வழியெல்லாம்."