விடுங்க சார்

மூவாயிரம் அடி உயரத்தில் ஒரு விமானத்தை யாருமே ஓட்டாமல் இருந்தால் என்ன ஆகும், தெரியுமா? ஒன்றும் ஆகாது. நேராகப் போகும். எனக்குத் தெரியும், நான் அதற்குள் இருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் சீட்டில்.

வீடு மும்பையில் தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப். வேலை, மும்பையிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி ஒரு பைலட் பயிற்சிப் பள்ளியில். ஏர்லைன் வேலை கிடைக்கும்வரை அடுத்தவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுப்பது. கேம்ப்பில் இதை விளக்கவே முடியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சந்தில் மறித்துக் கேட்டார்.

"எல, நீ ஓட்டுத பிளேன்ல எத்தன சீட்டு?"

"ரெண்டுக்கா."

"ரெண்டா? குர்லா ஸ்டேஷன்ல ஷேர் ஆட்டோக்காரனே மூணு பேர ஏத்துதான்."

"அந்த ரெண்டுலயும் ஒண்ணு ஸ்டூடண்டுக்கு," என்றார் அம்மா உள்ளே இருந்து. இருந்த மானமும் போயிற்று.

இது அப்படி ஒரு ஸ்டூடண்டைப் பற்றியது. நாற்பத்தொரு வயது, மாட்டுங்கா, இன்சூரன்ஸ் ஆபீஸில் டெபுடி மேனேஜர். எனக்கு இருபத்தைந்து. அவர் எனக்கு சார், நான் அவருக்கு சார். அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் இரண்டு பேரும் தமிழ் பேசுவதைக் கேட்டால் வேறு வேறு மாநிலம் என்பீர்கள். மூன்று மாத லீவ் போட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குள் ஒரே ஒரு முறை தனியாகப் பறக்க வேண்டும். சோலோ. அவர் பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் வாரமே அவருக்குக் 'கேப்டன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லீவ் முடிய நாலே நாள் இருந்தது. கேப்டன் இன்னும் தனியாகத் தரையைவிட்டு எழும்பவில்லை.

காரணம் அவர் பிடி. விரார் ஃபாஸ்ட் ரயிலில் கதவோரம் தொங்குகிறவன் கம்பியைப் பிடிப்பதுபோல கண்ட்ரோலைப் பிடிப்பார். அன்று இறங்கும்போது விமானத்தின் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார். நான் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும், அவர் கையை எடுக்க வேண்டும். அதுதான் விதி. பயத்தில் எனக்கு வந்தது தமிழ்.

"விடுங்க சார். விடுங்க."

"விட்டுண்டுதானே இருக்கேன்," என்று இன்னும் இறுக்கினார்.

"ஐயோ, விடுங்க சார்."

"நன்னா விடறேன் சார்."

விமானம் தவளை மாதிரி மூன்று முறை குதித்துவிட்டு ஓடி நின்றது. கீழே இறங்கியதும் சண்டை.

"விடுங்கன்னா கைய எடுங்கன்னு அர்த்தம் சார்."

"அதெப்படி? பட்டம் விடறோம், பஸ் விடறா, ராக்கெட் விடறா. விடறதுன்னா ஓட்டறது. நீங்க சொல்லச் சொல்ல நான் விட்டேன்."

அதைவிடப் பெரிய கூத்து, ரேடியோ பட்டன் அவர் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது. அந்தப் பிடியில் அதுவும் அழுந்தி, நாங்கள் பேசிய அத்தனையும் ஊருக்கே ஒலிபரப்பாகியிருந்தது. தலைமை இன்ஸ்ட்ரக்டர் நாக்பூர்க்காரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டூடண்ட் கோ பிடு போல்தா ஹை தூ? உன்கி உமர் தேக்."

ஸ்டூடண்டையே பிடு என்கிறாயா, அவர் வயதைப் பார் என்கிறார். பம்பாய் ஹிந்தியில் பிடு என்றால் மச்சான். ரேடியோ கரகரப்பில் என் 'விடு' எல்லாம் அவர் காதில் 'பிடு' ஆகியிருக்கிறது. வயதில் மூத்தவரை நான் மச்சான், மச்சான் என்று கத்தியதாக நினைத்துவிட்டார்.

"சார், வோ பிடு நஹி, விடு. தமிழ் மே 'சோடோ'," என்றேன். கையை எடு.

"நஹி சார், 'சலாவோ'," என்றார் என் மாணவர், எனக்கு உதவி செய்வதாக நினைத்து. ஓட்டு.

தலைமை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்ப்பு வந்தது. இனி காக்பிட்டில் இங்கிலீஷ் மட்டும். இன்னொரு முறை பிடு என்று காதில் விழுந்தால் என் மாணவருக்கு சோலோ கிடையாது.

லீவின் கடைசி நாள் காலை. மூவாயிரம் அடி. "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று ஒப்படைத்தேன். "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் டவர் சொல்வதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லுங்கள் என்று முந்தைய நாள் முழுக்க அவரை வாட்டியிருந்தேன். மனிதர் பயபக்தியோடு திருப்பிச் சொன்னார்: "யூ ஹேவ் கண்ட்ரோல்."

நான் அரைக்காதில் கேட்டுவிட்டுக் கையை எடுத்தேன். அவர், எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம். ஒரு அசைவு இல்லை. தொடையில் கட்டியிருந்த பேடில் மார்க் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"சார், இன்னைக்கு உங்க கை பட்டு மாதிரி இருக்கு."

"என் கையா? நான் நீங்க விடற அழகைன்னா பாத்துண்டிருக்கேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடித்தோம். விமானம் அப்போதுதான் முதல் முறையாக ஆடியது.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நான் தொடாம இருந்தா நேராப் போறதா சார்?"

"போகுது சார்."

இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு விரலிலேயே மூன்று முறை இறக்கினார். ஒன்றில்கூடத் தவளை இல்லை. ரேடியோவில் தலைமையிடம் சொன்னேன். சரி என்றார், ஓடுபாதை ஓரத்துக்கு அவரே வந்து நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"நிஜமாவே தனியாவா சார்?"

இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். புரொபெல்லர் சத்தத்துக்கு மேல் கத்தியபோது வெளியே வந்தது வேறு.

"விடுங்க சார்."

எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாரோ, சிரித்தார். தலைமை கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் கிளம்பியும்விட்டார். ஆறு நிமிடத்தில் ஒரு சுற்று முடித்து, ஒரு குதி இல்லாமல் இறங்கினார்.

ப்ரீஃபிங் ரூம் சுவரில் இப்போது ஒரு நோட்டீஸ் இருக்கிறது: மாணவர்களை 'பிடு' என்று கூப்பிடக் கூடாது.