சாவு வீடென்று எண்ண வைத்த அம்மாவின் பாட்டு

அம்மா எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலர், அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரை ஒருநாளாவது குடித்தவர்கள். மூத்த மகளாகிய நான் கூட்டி எழுதினால் உடனே பிடித்துவிடுவீர்கள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

அம்மா கல்லாற்றில் பிறந்தார். நான்கு ஆண்பிள்ளைகளுக்குப் பின் வந்த ஒரே பெண்பிள்ளை. அவருடைய தகப்பனார் கோயிலில் பாட்டை எடுத்துக்கொடுப்பவர். குரலை அம்மா அவரிடமிருந்து பெற்றார், ராகத்தைப் பெறவில்லை. மகிழ்ச்சியான பாட்டோ துக்கமான பாட்டோ, எல்லாவற்றையும் ஒரே இழுவையாக இழுத்துத்தான் பாடுவார். நாங்கள் சிரித்தால், "ஆண்டவர் ராகம் பாக்கிறல்ல, மகள்" என்பார்.

பத்தொன்பது வயதில் கல்முனைக்கு மருமகளாக வந்தார். அப்பா மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்கு வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு வயல் முறைவைத்துப் பிரித்துக் கொடுப்பது அவருடைய பொறுப்பு. கூலி போகம் முடிந்தபின் நெல்லாக வரும். மழை பிழைத்தாலும் வெள்ளம் வந்தாலும் அதுவும் வராது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டானது. கஷ்டம் வந்தால் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, பாயை விரித்து எங்களையும் இருத்திக்கொண்டு பாடத் தொடங்குவார். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பாட்டு. அறுவடை அழிந்தால் மிஞ்சியதைக் காயப்போட்டுவிட்டுப் பாட்டு. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். பாட்டுப் பாடினால் நெல் வருமா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

எழுபத்தெட்டில் சூறாவளி வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. வானம் கறுத்ததைக் கண்டு, வாய்க்கால் கதவுகளைத் திறந்துவிட்டு வருகிறேன் என்று அப்பா பின்னேரம் சைக்கிளில் மாவடிப்பள்ளிக்குப் போனார். திரும்பி வரவில்லை. மறுநாள் விடிந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. வளவுக்குள் நின்ற தென்னைகளில் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. அம்மா ஒழுங்கையில் இறங்கி இரண்டு மூன்று பேரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு இடிபாட்டுக்குள் நின்றார்கள். அவர் திரும்பி வந்து, நனைந்த பாயை உதறி விரித்து, பாடத் தொடங்கினார்.

நான் கத்தினேன். "அம்மா, பாட்டை நிப்பாட்டுங்க! அப்பாவத் தேட ஆரையாவது அனுப்புங்க!"

"ஆரை மகள் அனுப்புற? றோட்டெல்லாம் மரம். நீ இதில இரி."

ஒரு பாட்டு முடிய அடுத்த பாட்டு. தங்கை அம்மாவின் மடியில் கிடந்தாள். நான் கோபத்தில் சேர்ந்து பாடவில்லை.

வெயில் ஏறியபோது பின்வளவு முஸ்லிம் வீட்டு அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், பெரிய சட்டியில் சோறும் பருப்பும் தூக்கிக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு மேலால் ஏறி வந்தார். அவர்கள் கல்வீடு என்பதால் அடுப்பு தப்பியிருந்தது. சட்டியை வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்.

"அல்லாஹ்வே! தங்கச்சி, மையத்து இன்னும் வரல்லியா?" பிணத்தை அவர்கள் மையத்து என்பார்கள்.

"என்ன ராத்தா சொல்லுறீங்க? இங்க ஒருத்தரும் சாகல்ல!" என்றேன் நான்.

ராத்தா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் புள்ள காலத்தால இருந்து பாட்டுச் சத்தம்? வேதக்காரர்ர ஊட்டுல ஓயாமப் பாடினா மையத்து எண்டுதானே நாங்க நினைச்ச?"

அவர் சொன்னதில் பிழையில்லை. கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களின் சாவு வீட்டில் பெட்டி எடுக்கும்வரை பாட்டு ஓயாது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால்தான் அவர் சோறு கொண்டு வந்திருந்தார்.

"உங்கட காக்கா எப்பவோ மிசின எடுத்துட்டுப் போயிட்டாரே!" என்று ராத்தா தலையில் கைவைத்தார். காக்கா என்று நாங்கள் கூப்பிடுவது ராத்தாவின் கணவரை. மிசின் என்பது உழவு இயந்திரம். வட்டவிதானை முதல்நாள் மாவடிப்பள்ளிக்குப் போனதைக் கண்ட காக்கா, அவர் அங்கேயே இறந்துவிட்டார், மையத்தைக் கொண்டுவர ஆளில்லாமல் நிற்கிறார்கள் என்று தானே முடிவு கட்டியிருக்கிறார். கோடாலியுடன் நான்கு மச்சான்மாரையும், ஒரு பாயையும், புதிய வெள்ளைத் துணியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அதைக் கேட்டபின்னும் அம்மா பாட்டை விடவில்லை.

மரங்களைத் தறித்துத் தறித்துப் போனவர்கள், இடிந்த காவல் வாடிக் குடிசைக்குள் அப்பாவைக் கண்டார்கள். மரக்குற்றி விழுந்து கால் நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது. மையத்துக்கென்று கொண்டுபோன துணியைக் கிழித்துக் காலைக் கட்டி, மையத்துக்கென்று கொண்டுபோன பாயில் கிடத்தி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்னும் ஒருநாள் கிடந்திருந்தால் காலும் இல்லை, ஆளும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அதன்பின் அப்பா நொண்டி நொண்டியே ஐந்தாறு போகம் தண்ணீர் பிரித்தார். எங்களுடன் இருந்து, எங்களைப் படிப்பித்து, கண்மூடினார். அந்த ஆண்டுகள் எல்லாம் எங்களுக்குக் கிடைத்த கொடை.

காக்காவின் பிழையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அம்மாவும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்.

சென்ற ஆண்டு நெஞ்சு வருத்தத்தால் அம்மா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கும்போது, அவரைச் சிரிக்கவைக்க அந்தக் கதையை மறுபடி எடுத்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"காக்கா பிழையா விளங்கல்ல, மகள். அப்பா போயிட்டார் எண்டுதான் நானும் நினைச்சன். அண்டைக்கு நான் படிச்சதெல்லாம் சாவு வீட்டுப் பாட்டுத்தான்."

எல்லாவற்றையும் ஒரே இழுவையில் பாடும் அம்மாவிடம் எங்களுக்கு அது எப்படித் தெரியும்? "ஏனம்மா எங்களுக்குச் சொல்லல்ல?" என்றேன்.

"அழத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது எண்டு பயம். அதால, அவர எடுத்தாலும் நீர் நல்லவர் ஆண்டவரே எண்டு சொல்லிப் பாத்தன். முதல்ல வாய் மட்டும்தான் சொன்னது. படிச்சுப் படிச்சு, மத்தியானம் உச்சியாகக்குள்ள மனமும் சொல்லிச்சு. அதுக்குப் பிறகுதான் உங்கட அப்பா கிடைச்ச செய்தி வந்தது."

அடுத்த கிழமை அம்மா அமைதியாகக் கண்மூடினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நோயில் பக்கத்தில் நின்ற மருத்துவருக்கும் தாதிமாருக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், கல்லாற்றிலிருந்து வந்து கூடநின்ற மாமாமாருக்கும் எங்கள் நன்றி. நாட்டு நிலைமை கெட்டு, ஒரு தெருவார் மறு தெருவுக்குப் போக யோசிக்கிற நாளிலும், ஒருவரையும் கேளாமல் பெட்டியின் முன்பக்கம் தோள்கொடுத்த காக்காவுக்கும், வீட்டுக்குள் எங்களைப் பிடித்துக்கொண்டிருந்த ராத்தாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் என்று உங்கள் வார்த்தையிலேயே சொல்கிறோம்.

அம்மாவின் பிள்ளைகளாக அன்று நாங்கள் துதித்துப் பாடினோம் என்று எழுத ஆசைதான். பொய் எழுதக்கூடாது. வந்தவர்கள்தான் பாடினார்கள், நாங்கள் கத்தி அழுதோம். இந்த ஓராண்டில் தங்கையும் நானும் பாயை விரித்து இருக்கப் பழகியிருக்கிறோம். கர்த்தர் நல்லவர் என்று வாய் சொல்கிறது. மனம் இன்னும் சொல்லவில்லை. அது சொல்லப்போகிற நாளுக்காகவும் சேர்த்து, இன்றே அவருக்கு நன்றி செலுத்துகிறோம்.